குடை மாதாவும் கடைசிப் பல்லும்

குடை பிடிச்ச மாதா எங்க குருசடித்துறையில மட்டுந்தான் உண்டு, வேற எங்க போய்ச் சொன்னாலும் சிரிப்பாங்க. அவ நிக்கிறது பீடத்துல இல்ல, ஒரு பல்லுல. உள்ளங்கைக்கு அடங்காத, வாழைப்பூ மடல் மாதிரி வளைஞ்ச, பழைய மெழுகுதிரி நெறத்துல இருக்கிற திமிங்கலப் பல்லு. அதுல இடுப்பு ஒடுங்குன ஒரு வெள்ளக்காரப் பொம்பள குடையப் பிடிச்சிட்டு கடலப் பாத்து நிக்கிறா, அவ தலைக்கு மேல ஒரு பாய்மரக் கப்பல் காத்துல சாஞ்சு போயிட்டே இருக்கு. எந்தக் காலத்துலயோ கப்பல் ஒடஞ்சு எங்க கரையில ஒதுங்குன ஒரு செத்த வெள்ளக்காரன் கைக்குள்ள இது இருந்துச்சாம், வெரல நிமித்தவே முடியலயாம், சாவுற நேரத்துலயும் ஒருத்தன் இவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருக்கான்னா அது மாதாவத் தவிர யாரா இருக்க முடியும்னு ஊரு முடிவு பண்ணி, அவனக் கோயில் தோட்டத்துல அடக்கம் பண்ணிட்டு பல்லக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருச்சு.

ஒரு தடவ மெட்ராஸ்ல இருந்து படிக்கிற புள்ள ஒருத்தி வந்து, இது மாதா இல்ல, திமிங்கல வேட்டைக்குப் போன கப்பல்காரங்க வருசக்கணக்கா தண்ணியில கெடந்து, பொழுது போகாம, பாய் தைக்கிற ஊசியால பல்லுல கீறி, வெளக்குக் கரியத் தேய்ச்சு உண்டாக்குன படம், இவ அந்த ஆளு கட்டிக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்த பொண்ணா இருக்கும்னு எங்க கோயில் உபதேசியார் வியாகுலத்துக்கிட்ட ரொம்பப் பொறுமையா வெளக்கிச் சொன்னா. அவரும் பொறுமையா டீ வாங்கிக் கொடுத்தாரு. மறுநாளு அந்தப் புள்ளைக்குக் கடவாய்ப் பல்லு வீங்கி, ஒரு கையால கன்னத்தப் பிடிச்சிட்டு இன்னொரு கையால மெழுகுதிரி ஏத்திட்டுப் போனா. அதோட எங்க ஊருல அந்தப் பேச்சு முடிஞ்சிச்சு.

திருநாளுக்கு மொத நாளு மாதாவுக்குக் கரி பூசுவாங்க. தேங்காண்ணெயில பல்லக் கழுவி, மெழுகுதிரிப் பொகையில பிடிச்ச கரிய எண்ணெயில கொழைச்சு பெருவெரலால தேய்ச்சு, துணியால தொடைச்சா, பல்லு வெளுத்துரும், கீறல் மட்டும் கறுப்பா நிக்கும், மாதா புதுசாக் கண்ணு முழிச்ச மாதிரி இருப்பா. யாரு புருசன் அன்னைக்குக் கடல்ல இருக்கானோ அவளுக்குத்தான் அந்தக் கரியத் தொட உரிமை. கன்னிப் பொண்ணு தொடக் கூடாது, கைம்பொண்டாட்டி தொடக் கூடாது. என் மயினி மெட்டில்டா ரெண்டும் இல்ல, ஆனா அவளையும் தொட விட மாட்டாங்க, ஏன்னா அவ புருசன் கடல்ல இருக்கானா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.

அவ புருசன் எங்க அண்ணன் தொபியாஸ். மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற காலத்துல கடலுக்குப் போனவன், வள்ளம் திரும்பி வந்துச்சு, அவன் வரல. எங்க ஊருல அப்படிப் போறவங்களுக்கு சட்டை அடக்கம் உண்டு. ஒடம்பு கெடைக்காதவனோட சட்டையப் பெட்டியில வெச்சு, பாட்டுப் பாடி, மண்ணு போட்டுட்டா, போனவனும் போயிட்டான், இருக்கவளும் இருந்துக்கலாம். ஆனா சட்டையக் கொடுக்க வேண்டியது பெத்தவ. எங்கம்மா கித்தேரி அந்தச் சட்டைய டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டி, சாவியக் கழுத்துல ஜெபமாலையோட சேத்து மாட்டிட்டு, எம் புள்ள வருவான்னு சொல்லிட்டா. சட்டை மண்ணுக்குள்ள போகாம கோயில் சாமியார் மயினிக்குக் கலியாண ஓலை வாசிக்க மாட்டாரு. ஓலை வாசிக்காம கலியாணம் இல்ல. கலியாணம் பண்ணிக்க ஒருத்தன் காத்துக் கெடந்தான், கஸ்பார்னு பேரு, ஐஸ் வண்டி ஓட்டுறவன். வண்டியில இருக்கிற ஐஸ் உருகாது, ஆளு மயினியப் பாத்ததும் உருகிருவான். நல்ல மனுசன். மயினிக்கும் அவனப் பிடிச்சிருந்துச்சு, மீன் பெட்டியில ஐஸ் தட்டும்போது அவன் மொகத்த ஒரு தரம் பாப்பா, அவ்வளவுதான், அதுக்கு மேல பாக்க அவளுக்கு உரிமை இல்ல.

இதுல இன்னொண்ணு இருக்கு. எங்க கரையில வள்ளத்தத் தள்ளி விட்டுட்டுப் பொம்பளைங்க அது கண்ணுல இருந்து மறையுற வரைக்கும் மணல்ல நிப்பாங்க. அம்மா நின்னா, அம்மாவோட அம்மா நின்னா, அந்தக் குடை மாதாவே அதுக்குத்தான் நிக்கிறா. மயினி மட்டும் நிக்க மாட்டா. வள்ளம் மெதந்ததும் செருப்பக் கையில எடுத்துட்டு, திரும்பி, விறுவிறுன்னு வீட்டப் பாக்க நடந்துருவா. அண்ணன் காணாமப் போன அன்னைக்கும் அப்படித்தான் போனா. அதுக்கப்புறம் ஊருல அவளுக்கு மெட்டில்டாங்கிற பேரு போயி, முதுகு காட்டுனவன்னு ஆகிருச்சு. முன்னாடி யாரும் சொல்ல மாட்டாங்க, அவ தாண்டிப் போனதுக்கு அப்புறம் அவ முதுகுக்கிட்டதான் சொல்லுவாங்க.

நான் பியோ. பாலிடெக்னிக் என்னைய நடு வழியில எறக்கி விட்டுட்டு மேல போயிருச்சு. திருநாளுக்குத் திருநாள் ஊரு ஊராப் போயி பச்சை குத்துற மெஷினப் போட்டு உக்காருவேன், சிலுவ, தேளு, காதலி பேரு, மறு வருசம் அந்தப் பேரு மேல ஒரு ரோசாப்பூ, இதுதான் என் தொழிலு. சரி, திமிங்கலத்துக்கு வருவோம்.

அது ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு ஊரே வெளிய வர்ற நேரம் பாத்து வந்துச்சு, ஏதோ தானும் பூசைக்கு வந்து லேட்டாகிப் போன மாதிரி. செத்துத்தான் வந்துச்சு, எண்ணெய்த் திமிங்கலம், கீழ்த்தாடையில மட்டும் பல்லு இருக்கிற சாதி. தேர் அளவு ஒடம்பு, தலை மட்டும் பாதித் தேரு. அன்னைக்குக் கடல் அலை அடிக்க மறந்து பாலு மாதிரி கெடந்துச்சு, காத்து நின்னுபோச்சு, கொடிமரத்துக் கொடி தொங்கிப் போச்சு. ஆம்பளைங்க எல்லாம் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மொதல்ல போனது தங்க வெலைக்குப் போற அம்பர் இருக்கான்னு வயித்தப் பாக்கத்தான், பொய் சொல்லக் கூடாது. உள்ள கணவா மூக்குதான் கெடந்துச்சு, கூடை கூடையா. உபதேசியார் மட்டும் வாய்ப் பக்கம் போனாரு. வாழ்நாள் பூரா ஒரே ஒரு பல்லத் தொடைச்ச மனுசன், இத்தனை பல்ல ஒரே வாயில பாத்ததும் கை சும்மா இருக்கல. சட்டைப் பையில இருந்த மெழுகுதிரி மிச்சத்தக் கொளுத்தி, கரி பிடிச்சு, மொதப் பல்லுல தேய்ச்சுத் தொடைச்சாரு.

படம் வந்துச்சு. கோணக்கால் தென்னமரம் ஒண்ணு, அதுக்குக் கீழ ஒரு வீடு, வாசல்ல ஒருத்தி எக்கி நின்னு கடலப் பாக்குறா. அது பிரகாசியக்கா வீடு. எக்கி நிக்கிறது பிரகாசியக்கா. வரைஞ்சது அவ புருசன் லெயோன், புயல்ல போனவன்.

யாரும் மயக்கம் போடல. பிரகாசியக்கா குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, மூக்கு இவ்வளவு பெருசா எனக்கு, பாவி மனுசன், அப்படின்னு சொல்லி முந்தானையால அந்தப் பல்ல இன்னொரு தரம் தொடைச்சா. அப்புறம் ஊரே தாடையச் சுத்தி உக்காந்துருச்சு. கடல்ல போன எங்க ஆளுங்க இத்தன காலமும் இதுக்குள்ளதான் இருந்திருக்காங்க, உள்ள வெளிச்சம் கொஞ்சம், வேல ஒண்ணும் இல்ல, அந்த வெள்ளக்காரக் கப்பல்காரங்க மாதிரியே பொழுது போகல, ஊசியோ மீன் முள்ளோ கையில கெடச்சதால கீறியிருக்காங்க, இதுல என்ன அதிசயம்னு எல்லாருக்கும் பட்டுச்சு. எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கல. யாரு பல்லு எதுன்னுதான் கேட்டாங்க.

வீட்டுக்கு வீடு பல்லு கெடச்சது. உருவி எடுத்துட்டுப் போயி மாடத்துல வெச்சாங்க, சில பேரு தலையணைக்குக் கீழ வெச்சாங்க, சில பேரு சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்துல வெச்சாங்க. பெரும்பாலும் பொம்பளைங்கதான் படத்துல, எல்லாரும் கடலப் பாத்து நிக்கிறவங்க, கண்ணு மேல கை வெச்சிட்டு, புள்ளய இடுப்புல வெச்சிட்டு, முந்தானைய வாயில கடிச்சிட்டு. ஒருத்தன் மட்டும் புரோட்டாவும் சால்னாவும் வரைஞ்சிருந்தான், அதுல ஆவி கூட வந்துச்சு, அவன் பொண்டாட்டி அந்தப் பல்லோட ரெண்டு நாளு பேசல. இன்னொருத்தன் பக்கத்துத் தெருக்காரியை வரைஞ்சு வெச்சிருந்தான், கழுத்துல கெடந்த மச்சம் கூட விடாம. அதுல ரெண்டு வீட்டுக்கும் பெரிய சண்டை வந்து, முடி அவுந்து, அப்புறம் ரெண்டு பொம்பளையும் சேந்து அழுது, ஒரு வாரம் உன் வீட்ல, ஒரு வாரம் என் வீட்லன்னு பேசி முடிச்சிக்கிட்டாங்க. ஒரு பல்லுல பனி மூடுன மலையும் ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்துச்சு, அது எந்தக் கரைக்காரன்னு யாருக்கும் தெரியல, ஆளில்லாத பல்லுன்னு விட முடியுமா, அதக் குடை மாதா பக்கத்துலயே வெச்சு ஒரு செம்பருத்தி போட்டாங்க.

அந்த நாளுகள்ல ஊரே பாதித் தூக்கத்துல நடந்த மாதிரி இருந்துச்சு. வள்ளம் எறங்கல. பகல்ல படுத்தவங்களுக்கெல்லாம் தண்ணிக் கனவு வந்துச்சு, எந்திரிச்சா காது மடல்ல உப்புப் பூத்திருந்துச்சு. திமிங்கல நாத்தம் மொதல்ல கொமட்டுச்சு, அப்புறம் சாம்பிராணி மாதிரி பழகிப் போச்சு, கொழம்புல உப்புக் கொறஞ்சா கூட யாரும் சொல்லல. பொம்பளைங்க படத்துல இருக்கிற மாதிரியே தலை சீவ ஆரம்பிச்சாங்க, பிரகாசியக்கா மட்டும் மூக்கத் தடவித் தடவிப் பாத்துட்டே திரிஞ்சா.

தாடையில மிஞ்சுனது ஒரே ஒரு பல்லு. எல்லாத்துக்கும் பின்னாடி, தொண்டைக்கிட்ட, இருந்துச்சு. உபதேசியார் கரி பூசினாரு, தொடைச்சாரு, ஒண்ணும் வரல. மறுபடியும் பூசினாரு. வெறும் பல்லு. ஊருல பல்லு கெடைக்காத வீடு எங்க வீடு மட்டுந்தான், அதனால அதக் கொண்டாந்து எங்கம்மா கையில கொடுத்தாங்க.

அம்மா அதத் தூக்கிக் காட்டிச் சிரிச்சா. பாத்தியளா, எம் புள்ள அதுக்குள்ள போகவே இல்ல, அவன் எங்கயோ உயிரோட இருக்கான், சட்டை பெட்டியிலயே இருக்கட்டும்னா. ஆனா ஊரு வேற மாதிரி பேசுச்சு. படம் வரைய எதையாவது நெனைக்கணும்ல, முதுகு காட்டுனவள என்னன்னு நெனைச்சு வரைவான், வெறும் பல்லத்தான் விட்டுட்டுப் போவான். இத பிரகாசியக்கா குழாயடியில சொன்னா. இந்தத் தடவ மயினி அவளத் தாண்டிப் போகல, எதுக்க நின்னுட்டிருந்தா. கொடத்த நெறைக்காமலே தூக்கிட்டு வந்தா. அன்னைக்குச் சாயங்காலம் ஐஸ் வண்டி வந்தப்போ கஸ்பார் மொகத்தப் பாக்கல, இனிமே நம்ம வீட்டுப் பெட்டிக்கு நீங்க வர வேணாம், வேற ஆள அனுப்புங்கன்னு சொல்லிட்டா. அவன் கையில இருந்த ஐஸ் பாளம் தரையில வழியுற வரைக்கும் அப்படியே நின்னான்.

மறுநாளு சேதி வந்துச்சு. பாரஸ்ட்காரங்க வர்றாங்களாம், திமிங்கலம் அரசாங்கச் சொத்தாம், குழி வெட்டிப் பொதைச்சிட்டு பல்லையெல்லாம் எடுத்துட்டுப் போவாங்களாம், ஒரு பல்லு கொறைஞ்சாலும் ஊரு மேல கேஸாம். நாளைக்குக் காலையில வருவாங்கன்னு பஞ்சாயத்துல சொல்லி விட்டாங்க. மயினிக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு மத்தியானந்தான்.

அம்மா பல்ல மாடத்துல வெச்சிட்டுப் படுத்திருந்தா. நான் மெஷினுக்கு ஊசி மாத்திட்டு இருந்தேன். மயினி கிழிஞ்ச வலையப் போட்டுப் பொத்திட்டு இருந்தவ, எந்திரிச்சுப் போயி பல்லக் கையில எடுத்தா. வலை பொத்துற வெரலு இருக்கே, அதுக்குக் கண்ணு வேணாம், நூலு எங்க நைஞ்சிருக்குன்னு தடவியே சொல்லிரும். கண்ண மூடிட்டுத் தடவுனா. அப்புறம் பல்லக் கன்னத்துல வெச்சா. அப்புறம் ஒதட்டுல வெச்சா. எனக்கு என்னமோ பாக்கக் கூடாதத பாக்குற மாதிரி ஆகி, ஊசியப் பாத்துட்டு உக்காந்துட்டேன்.

"பியோ, இதுல என்னமோ இருக்கு" அப்படின்னா.

உபதேசியார் ரெண்டு தரம் கரி பூசியாச்சு, மூணாவது தரம் பூசுனா பல்லு அடுப்புக்கரி ஆகிரும்னு சொல்ல வந்து, அவ மொகத்தப் பாத்து வாய மூடிட்டேன்.

"உங்கண்ணன் எதையாவது அழுத்திச் செஞ்சிருக்காவளா?" அப்படின்னு கேட்டா.

அது வாஸ்தவம். அண்ணன் எதையுமே அழுத்த மாட்டான். பள்ளிக்கூடத்துல அவன் எழுதுனத வாத்தியார் சன்னல்ல வெச்சு வெயில்ல பாத்துத்தான் மார்க்கு போடுவாரு. முடிச்சுப் போட்டா நாய் இழுத்தாலும் அவுந்துரும். கதவத் தட்டுனா பல்லி சத்தம்னு நெனைப்போம். அவன் கீறுன கீறல்ல கோயில் மெழுகுதிரிக் கரி எப்படி உக்காரும், அது தடிமனான கரி, மத்தவங்க ஆத்திரத்துல கீறுன பள்ளத்துக்குத்தான் அது சரி.

மயினி உள்ள போயி அவளோட மை டப்பாவ எடுத்துட்டு வந்தா. அண்ணன் போனதுல இருந்து அவ கண்ணுக்கு மை வைக்கல, டப்பாவுல அது காஞ்சு வெடிச்சுப் போயிருந்துச்சு. ஒரு சொட்டுத் தேங்காண்ணெய விட்டுக் கொழைச்சா. மோதிர வெரலால, பொறந்த புள்ளைக்குக் கண்ணு எழுதுற மாதிரி, அந்தப் பல்லு பூரா எழுதுனா. அப்புறம் முந்தானைய எடுத்து, மூச்ச அடக்கிட்டு, தொட்டும் தொடாம தொடைச்சா.

முடி அளவு கோடு. மணலு. மணல்ல ஒத்த ஆளோட காலடித் தடம் வரிசையாப் போகுது. தடம் முடியுற எடத்துல ஒரு பொம்பள, சடை இடுப்பு வரைக்கும், கையில செருப்பு. மொகம் இல்ல. முதுகுதான். எங்க வீட்டப் பாக்க நடந்து போயிட்டு இருக்கா, வீட்டுக் கூரையில பொகை எழும்புது. கப்பலு இல்ல, கடலு இல்ல, காத்துக் கெடக்குறது ஒண்ணும் இல்ல. நான் தொழில்காரன், சொல்றேன், இடது தோள் கொஞ்சம் எறங்கி அவ நடக்குற நடைய நாலே கோட்டுல கொண்டாந்திருந்தான் பாவி. அத்தன நாளு அவ பின்னாலேயே பாத்துட்டு இருந்தவனுக்குத்தான் அது வரும்.

எப்ப முழிச்சான்னு தெரியல, அம்மா பின்னாடி நின்னுட்டு இருந்தா. படத்தப் பாத்தா. மொகம் சுருங்கிப் போச்சு. வருவான்னு நெனைச்சிட்டு இருந்தவளுக்கு அவன் எங்க இருந்தான்னு தெரிஞ்சு போச்சுல்ல. அந்த வலியில வாயில வந்தது இதுதான்.

"அங்க போயும் அவனுக்கு உன் முதுகுதானா."

மயினி இத்தன வருசமா ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்ல. அன்னைக்குச் சொன்னா.

"அவியதான் நிக்காதன்னாவ மாமி. நீ நின்னா எனக்குக் கை ஓடாது, திரும்பித் திரும்பிப் பாப்பேன், நீ போ. உன் முதுகு தெரிஞ்சா நீ வீடு சேந்துருவேன்னு நெனைச்சிட்டு நிம்மதியா வலை விடுவேன்னாவ. கலியாணம் ஆன மறுநாளு சொன்னாவ. நானும் ஒரு நாளு கூட திரும்பல. அந்தக் கடைசி நாளு எனக்குத் திரும்பணும்னு இருந்துச்சு மாமி. சொன்ன சொல்லுக்காகப் போயிட்டேன்."

அம்மா சுவத்தப் பிடிச்சிட்டே உள்ள போனா. டிரங்குப் பெட்டி தொறக்குற சத்தம் கேட்டுச்சு, துரு ஏறுன பெட்டி, ரொம்ப நேரம் தொறந்துச்சு. வெளிய வந்தப்போ நீலக் கட்டம் போட்ட சட்டை கையில இருந்துச்சு. அத மயினி மடியில வெச்சிட்டு, ஒரு பித்தான் இல்ல, தச்சிக் கொடு, அப்படியே அனுப்ப முடியாதுன்னா.

மறுநாளு விடிஞ்சதும் சட்டைய அடக்கம் பண்ணிட்டோம், அந்த வெள்ளக்காரனுக்குப் பக்கத்துல. அதுக்குள்ள பாரஸ்ட்காரங்க ஜேசிபியோட வந்துட்டாங்க. ஊரு முன்னமே கூடிப் பேசி, அவங்க அவங்க பல்லத் தேங்காண்ணெய போட்டுக் கழுவி வெச்சிருந்துச்சு, கரி போனா படமும் போயிரும்ல. எல்லாப் பல்லும் வெள்ளையா, ஒண்ணும் தெரியாத புள்ளைங்க மாதிரி தார்ப்பாய்ல வரிசையாக் கெடந்துச்சு. ஆபீசர் ஒண்ண எடுத்து வெரல ஓட்டிப் பாத்து, என்னங்க பூராக் கீறலா இருக்குன்னு கேட்டாரு. உபதேசியார் அசரல.

"வயசான பல்லு, சார். நம்ம பல்லு மட்டும் என்ன வாழுது."

தாடையும் பல்லும் லாரியில ஏறிப் போச்சு, ஒடம்பு மணலுக்குள்ள போச்சு, அந்த மேட்டுல இப்ப அடம்பங்கொடி படந்து கெடக்கு. பல்லு எந்த குடோன்ல கெடக்கோ தெரியாது. ஆனா லாரி தூசி அடங்குறதுக்குள்ள எங்க வீட்டு வாசல்ல பொம்பளைங்க வரிசை கட்டிட்டாங்க, கைய நீட்டிட்டு. படம் ஒவ்வொண்ணும் எனக்கும் மனப்பாடம், அவளுகளுக்கும் மனப்பாடம், ஊசியும் கரியுந்தானே, பல்லுல போட்டா என்ன, தோலுல போட்டா என்ன. லெயோன் வரைஞ்சத பிரகாசியக்கா முழங்கைக்குக் கீழ குத்துனேன், மூக்க மட்டும் சின்னதாக்குன்னு கெஞ்சுனா, அது ஆர்ட்டிஸ்டுக்குத் துரோகம்னு சொல்லிட்டேன். புரோட்டாக்காரன் பொண்டாட்டியும் வந்தா, ஆவியோட குத்தச் சொன்னா. குத்தி முடிச்சதும் அவளவளுக்குக் காதோரம் உப்பு நின்னுபோச்சு, காத்து வந்துச்சு, வள்ளம் எறங்குச்சு.

மயினி வரல. எனக்கு எதுக்கு, அது நான்தானேன்னுட்டா. மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க, யாரும் தடை சொல்லல, பிரகாசியக்கா கலியாணத்துக்கு மயினிக்குத் தலை சீவி விட்டா. கடைசியா வந்தது எங்கம்மா. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, எலும்பு தெரியுற கைய என் மடியில போட்டா. யாரக் குத்தன்னு நான் கேக்கல. மெஷினப் போட்டேன்.

"அழுத்தாதல. அவன் போட்ட மாதிரி போடு."

அப்படி லேசாப் போட்டா நிக்காதும்மா, ரெண்டு வருசத்துல மறைஞ்சிரும்னேன். மறைஞ்சா மறுபடியும் போடுன்னா.

மயினி போனது ஒரு சாயங்காலம். கஸ்பாரோட ஊரு உப்பளத்துக்கு அந்தப் பக்கம், அதுவரைக்கும் கொண்டு விட நானும் ஐஸ் வண்டியில ஏறுனேன், பின்னாடி மீன் பெட்டி மேல, முன் சீட்டு தெரியுற சன்னல ஒட்டி. மயினி கண்ணுக்கு மை வெச்சிருந்தா. ஊரே ரோட்டுல நின்னுச்சு, வள்ளத்த அனுப்புற மாதிரியே, கண்ணு மேல கை வெச்சிட்டு, வண்டி மறையுற வரைக்கும் நிக்கப் போற நிப்பு. மயினி சன்னல் வழியா அம்மாவத்தான் பாத்தா. கை கதவுப் பிடியில இருந்துச்சு. அம்மா கண்ணு கலங்குனா மயினி எறங்கிருவாளோன்னு எனக்கு பயமா இருந்துச்சு, கஸ்பாருக்கும் பயம், சாவியப் பிடிச்சிட்டு திருப்பாம உக்காந்திருந்தான்.

வாழ்நாள் பூரா ஒவ்வொரு வள்ளத்துக்கும் கடைசி வரைக்கும் நின்ன எங்கம்மா, குனிஞ்சு செருப்பக் கழட்டிக் கையில எடுத்தா. திரும்புனா. வீட்டப் பாக்க விறுவிறுன்னு நடந்தா.

வண்டி கெளம்புச்சு. உப்புக் காத்துல அம்மா சேலை பறக்குறதும், அந்த ஒடிசலான முதுகும், சின்னதாகிட்டே போச்சு. மயினி கதவுப் பிடியில இருந்து கைய எடுத்து மடியில வெச்சா.

"மாமி வீடு சேந்துருவாவ" அப்படின்னா.